லைசென்ஸ் இல்லாத அணி

எழுபதுகளில் வெளிநாட்டில், கிளேட்டன் என்ற புறநகரில் படித்தபோது, சனிக்கிழமை மாலைகளில் அவரை பஸ் தரிப்பில் காண்பேன். நெடிய, ஒல்லியான யாழ்ப்பாணத்தார். பக்கத்து மைதானத்து பேஸ்போல் அணியின் பயிற்சியாளர். அந்த விளையாட்டுக்குள் எப்படி வந்தார் என்று நான் கேட்டதில்லை. கையில் எப்போதும் ஒரு பழைய பந்து. அதன் தையலைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருப்பார்.

தோற்றுக்கொண்டேயிருந்த அணியிலிருந்து மூத்தவர்கள் எல்லாரையும் அந்த வருடம் அவர்தான் நீக்கினார். இரண்டாம் அணியின் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களை அவர்களின் இடத்தில் இறக்கினார்.

"இண்டைக்கு எப்படி அங்கிள்?" என்றேன்.

"பெடியள் வெண்டிட்டாங்கள்."

"பிறகேன் முகம் இப்படி?"

"முந்தித் தோத்தாலும் ஆராவது ஒருத்தன் காரில வீடுவரைக்கும் கொண்டுவந்து விடுவான், தம்பி. வழி முழுக்கக் கதை. இவங்களில ஒருத்தனுக்கும் லைசென்ஸ் எடுக்கிற வயசில்லை."

"பழைய ஆக்களைக் கேக்கலாமே?"

"நான் நிப்பாட்டின ஆக்களையோ?"

அந்த நேரம் ஒரு வெள்ளைக் கார் எங்களுக்கு முன்னால் வேகம் குறைந்தது. "எங்கட பழைய பந்தெறிகாரன்," என்று மெல்லச் சொல்லி, பந்தைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

கார் சிவப்பு விளக்குக்காகத்தான் நின்றது. விளக்கு மாறியதும் போய்விட்டது.

பஸ் வர இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. அவர் மறுபடி உட்காரவில்லை.