மதினி கேட்ட பாட்டில்கள்

இஞ்சி துருவிய ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே மதினி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தூக்குனா கைக்குக் கனம் தெரியணும் கொழுந்தனாரே. பழுப்பா, தடியா, பீர் பாட்டிலாவே பாத்து ஒரு டஜன் கொண்டாங்க." மதினி என் அண்ணன் மனைவி. நான் பேகம்பூரில் ஒரு பழைய பாட்டில் குடோனில் பாட்டில் பிரிக்கிறவன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. என்னிடம் யாரும் எதையும் கேட்டு வந்ததில்லை. அன்று மதினி கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் கொடைக்கானலில் ஒரு பங்களாவில் தங்கிச் சமையல் வேலை செய்தவர். இஞ்சி பீர் அங்கே கற்றுக்கொண்டது. இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரையோடு ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைத் துளி கலந்து, பாட்டிலில் அடைத்து இரண்டு நாள் வைத்தால் சோடா போலப் பொங்கும். போதை ஏறாது. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு கூல்டிரிங்ஸ் கடைக்காரர் வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருந்தார். பிடித்தால் வாராவாரம் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. "இது அமையலன்னா பேசாம மலைக்கே போயிரு" என்று அண்ணன் சொல்லிவிட்டார். மலைக்குப் போனால் மாதம் ஒரு தடவைதான் இரண்டு பிள்ளைகளையும் பார்க்க முடியும்.

குடோனில் பீர் பாட்டிலுக்கு மரியாதை கிடையாது. வெளியே வெயிலில் சாக்குச் சாக்காகக் கிடக்கும். சர்பத் பாட்டில்கள் உள்ளே பலகையில் வைக்கோலுக்கு நடுவே வெள்ளையாக நிற்கும். இரண்டு நாள் குழம்பினேன். ஒரு பீர் பாட்டிலை எடுப்பேன். மதினியின் அடுப்படியில் அது நிற்பதை நினைத்துக் கீழே வைத்துவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரி ஏற்கெனவே "என்னக்கா, வீட்லயே கடை தொறந்தாச்சா?" என்று கேட்டிருந்தாள். கடைசியில் சர்பத் பாட்டில்களையே கழுவி எடுத்தேன். ஒரே மாதிரியாகப் பதினொன்றுதான் தேறியது. பன்னிரண்டாவதாக ஒரு பீர் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிச் சாக்கின் அடியில் வைத்தேன்.

மதினி ஒன்றை எடுத்துச் சுண்டிப் பார்த்தார். "என்ன, பத்தியம் இருந்த மாதிரி இம்புட்டு மெலிசா இருக்கு?"

"இதுவும் தாங்கும் மதினி" என்றேன். அது எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. பாட்டிலைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று அவர் நம்பிவிட்டார்.

வியாழக்கிழமை மதியம், பங்குனி வெயிலில், அடுப்படியில் ஒன்று வெடித்தது. பிறகு அடுத்தடுத்து. சணல் கயிறு போட்டு இறுக்கியிருந்ததால் தக்கைகள் நின்றன, பாட்டில்கள் போயின. நல்லவேளை, அடுப்படியில் யாரும் இல்லை. பதினொன்றும் போய்ப் பீர் பாட்டில் மட்டும் நின்றது. மதினி விளக்குமாற்றை எடுத்துவந்தார். கண்ணாடியைக் கூட்டி அள்ளினார்.

மறுநாள் அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் டம்ளரில் ஊற்றிக் குடித்து மீசையைத் துடைத்தார். "ருசி அருமையா இருக்கு தாயி. ஆனா இந்தப் பாட்டில்ல வச்சா பொம்பளைக கடைப்பக்கமே வர மாட்டாக. வெள்ளப் பாட்டில்ல குடுங்க, வாங்கிக்கிறேன்."

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் செய்தது சரியா தப்பா என்று அந்தப் பார்வையிலிருந்து தெரிந்துகொள்ள முடியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அந்த மாதக் கடைசியில் அவர் மலைக்குப் போய்விட்டார்.

இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் குடோனின் பின்பக்கச் சுவரோரம் சாமான்களை ஒதுக்கும்போது, பழைய சோடா பாட்டில்கள் ஒரு குவியலாகக் கிடந்தன. வெள்ளைக் கண்ணாடி, தடித்த கண்ணாடி. மூடியிருந்த தூசியைப் பார்த்தால் அன்றைக்கும் அவை அங்கேயேதான் கிடந்திருக்க வேண்டும். சோடா பாட்டில் பொங்குவதைத் தாங்கும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வெள்ளையா பழுப்பா என்றே குழம்பிக்கொண்டிருந்த எனக்குத் தோன்றவில்லை.

சொல்வதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்துவிட்டுப் போன் செய்தேன். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். பிறகு, தட்டுத் தடுமாறி, சோடா பாட்டிலையும் சொல்லிவிட்டேன். திட்டினால் கேட்டுக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"எத்தன கெடக்கு?" என்று கேட்டார்.

கிண்டலா நிசமா என்று பிடிபடவில்லை. "எண்ணிட்டுச் சொல்றேன் மதினி" என்று குடோனின் பின்பக்கம் போனேன்.