இருட்டில் பிரிக்க வேண்டிய பெட்டி

என் அக்கா பேருந்துப் பணிமனையில் பிரேக் பழுது பார்க்கிறவள். ஒன்பது வருடமாக ஃபிலிம் கேமராவில் படம் எடுத்து, வீட்டுப் பின்பக்கக் குளியலறையில் தானே கழுவி அச்சுப் போடுகிறாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஜன்னலில் கறுப்புத் துணி, வாளிமேல் பலகை, பலகைமேல் மூன்று தட்டு, ஒரு சிவப்பு விளக்கு. வெள்ளைத் தாளை மருந்தில் போட்டு ஆட்டும்போது ஒரு முகம் மெல்ல எழுந்து வருமே, அதற்காகச் சோறு தண்ணீர் மறந்து நிற்பாள். பாட்டு வேறு பாடுவாள், காது கொடுத்துக் கேட்க முடியாது.

அந்தச் சந்தோஷத்துக்கு வேட்டு வைத்தார் அவளுடைய மாமனார். கிடங்கில் சரக்குச் சரிபார்ப்பவராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். தனக்கென்று தனிக் குளியலறை வேண்டுமாம்.

"ஃபோன்லயே ஆயிரம் படம் எடுக்கலாம், இதுக்கு ஒரு ரூமா? ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க வர்றாங்க. அவங்க நல்லாருக்குன்னு சொல்ற மாதிரி படம் மாட்டிக் காட்டும்மா, ரூமை நீயே வச்சுக்கோ. இல்லன்னா காலி பண்ணிடணும்."

அத்தான் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா ஒப்புக்கொண்டாள்.

படம் அச்சுப் போடும் தாள் ஐம்பது கொண்ட புதுப் பெட்டி சனிக்கிழமை காலை வந்தது. அவள் வேலையில் இருந்தாள். சாயங்காலம் வந்ததும் உள்ளே புகுந்துகொண்டாள். பாட்டு கேட்டது, சட்டென்று நின்றது. நானும் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன்; போய்க் கதவைத் தட்டினேன்.

"தாள் முழுக்கக் கறுப்பா வருதுடி. மூணு போட்டுட்டேன், மூணும் அப்படியே."

பெட்டி மூடியோடு வெளியே வந்தாள். மூடியில் பென்சிலால் "50, சரி" என்று எழுதியிருந்தது. மாமனார் கையெழுத்து.

"பிரிச்சீங்களா மாமா?"

"பின்ன? இருட்டுல மட்டும் பிரிக்கணும்னு மேல எழுதியிருந்துச்சு. அப்பவே சந்தேகம், சரக்குல ஏதோ கோளாறுன்னு. மாடியில வெயில்ல வச்சு ஒவ்வொண்ணா எண்ணிட்டேன். ஒரு கறை கிடையாது!"

பெருமை வேறு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு பெட்டி வரவழைக்க மூன்று வாரம் ஆகும். அக்கா மூடியோடு திரும்ப உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் குனிந்துதான் கூடத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, துணி கிளிப் போட்டு, ஐம்பது தாளும் தொங்கின. ஐம்பதும் கன்னங்கரேல்.

"என்னம்மா, ஒண்ணுமே தெரியலையே?" என்றார் ஒரு பெரியம்மா.

"மாமா வெயில்ல வச்சு எண்ணின தாளு பெரியம்மா. வெளிச்சம் பட்டா இப்படித்தான் ஆகும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமனார் முகம் சுண்டிப்போனது. "எனக்கு நிஜமாவே தெரியாதும்மா. தப்பு என்மேலதான். புதுப் பெட்டி வரட்டும், இன்னொரு ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம். படம் நல்லா வந்தா ரூம் உனக்குத்தான்" என்றார்.

மனுஷன் இறங்கி வந்துவிட்டாரே, அப்பாடா என்றிருந்தது எனக்கு. அக்கா விடவில்லை.

"வேண்டாம் மாமா. நான் அன்னைக்குச் சரின்னதே தப்பு. நீங்க தினமும் சீட்டாடறீங்க, தினமும் தோக்கறீங்க. நல்லா ஆடுனாத்தான் ஆடலாம்னு உங்களுக்கு யாராவது பரீட்சை வச்சாங்களா? என் படம் நல்லாவும் வரும், கேவலமாவும் வரும். எனக்குப் பிடிச்சிருக்கு, எடுக்கறேன். ரூமை விட மாட்டேன்."

அத்தானுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "இதையெல்லாம் இத்தனை பேர் முன்னாடியா பேசறது?"

"இத்தனை பேர் முன்னாடிதானே பரீட்சை வச்சீங்க? பதிலையும் அவங்க முன்னாடியே கேட்டுக்கோங்க."

மாமனார் இன்றும் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்பக்கக் குளியலறை வாசலில் எல்லோரோடும் வரிசையில் நிற்கிறார்.