மூலைத்தூணில் ஏறாத நிறம்

மேஸ்திரி நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவர். கையாளாய்க் கல் சுமந்து, கொத்தனாராகி, கடைசியில் தன் கையாலேயே தனக்கு மூன்று மாடி எழுப்பிய ஆள். இன்னொருத்தரை அப்படிக் காட்டுங்கள் பார்ப்போம்! ஆனால் யாரையும் லேசில் நம்ப மாட்டார். சிமெண்ட் மூட்டையைக்கூடக் கைவிட்டுத் துழாவிய பிறகுதான் இறக்கச் சொல்வார்.

அந்த வீட்டின் கீழ்த்தளத்து மூலைத்தூணில் காங்கிரீட் பெயர்ந்து துருக்கம்பி எட்டிப் பார்த்தது. மருமகள் ஓர் இன்ஜினியர் பெண்ணைக் கூட்டி வந்தாள். தூண் தேறாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாமென்று மருமகளின் அண்ணன் ஏற்கெனவே தூண்டில் போட்டுப் பார்த்தவன்.

அந்தப் பெண் தூண்களைத் தட்டிப் பார்த்தாள். உளியால் கொத்தி, கொத்திய இடத்தில் ஒரு மருந்தைத் தெளித்தாள். நடுத்தூண் ரோஜா நிறமாய்ச் சிவந்தது. மூலைத்தூணில் ஒரு நிறமும் ஏறவில்லை.

"பாத்தியாம்மா! மூலைத்தூண்ல ஒரு கறை உண்டா? பத்தரை மாத்துத் தங்கம்!" என்று மீசையை முறுக்கினார் மேஸ்திரி.

"ஐயா, தலைகீழா சொல்றீங்க. சிவந்தாத்தான் காங்கிரீட்ல சத்து இருக்குன்னு அர்த்தம். இதுல சத்து போயிடுச்சு. அதான் உள்ள கம்பி துருப்பிடிச்சு, உப்பி, காங்கிரீட்ட வெளிய தள்ளுது."

மேஸ்திரி மருமகள் பக்கம் திரும்பினார். "உங்க அண்ணன் அந்தப் புட்டியில என்னத்தக் கலந்து குடுத்தான்?"

"எங்க அண்ணனுக்கு டீ கலக்கவே வராது மாமா. மருந்து கலக்கப் போறானாக்கும்!"

மேஸ்திரி மசியவில்லை. போன வாரம் அவரே போட்ட தொட்டி மூடியின் ஓரத்தை உடைத்துத் துண்டை எடுத்து வந்தார். கலவை போட்டதும் அவர், ஊற்றியதும் அவர். அதில் யாரும் புகுந்து விளையாடியிருக்க முடியாது. புட்டியைப் பிடுங்கித் தானே தெளித்தார். துண்டு பீட்ரூட்டாய்ச் சிவந்தது.

அதே புட்டியை மூலைத்தூணில் அடித்தார். வெறும் தண்ணீராய் வழிந்தது. மறுபக்கம் கொத்தி அடித்தார். கம்பி தெரியும்வரை கொத்தி அடித்தார். வழிந்தது.

"ஐயா, போதும்! இனிமே கொத்தாதீங்க!"

உளி கீழே விழுந்தது. மேஸ்திரி மாடியை அண்ணாந்து பார்த்துக் கத்தினார்: "எல்லாரும் எறங்குங்க! சட்டி பானையெல்லாம் அப்புறம்!"

மருமகள் பிள்ளைகளைத் தூக்கிவரப் படியேறி ஓடினாள்.

"மாடி பாரத்தத் தாங்க ஜாக்கி முட்டுக் குடுக்கணும் ஐயா, இன்னைக்கே," என்றாள் இன்ஜினியர் பெண்.

"அத நீ எனக்குச் சொல்லாத. முட்டு என் கையாலதான் நிக்கும்," என்றார் மேஸ்திரி. "அந்தப் புட்டி இங்கயே இருக்கட்டும். மத்த தூணையும் நானே அடிச்சுப் பாக்கணும்."