லிஸ்பனுக்குப் போன ஸ்வீடன்காரி

மின்சாரம் இல்லாத மாலைகளைக் கழிக்கத்தான் நான் கற்பனையில் ஐரோப்பாவைத் தலைகீழாக்கினேன். பர்மிய அரசாங்க அலுவலகத்தின் சட்டப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன்; பொழுதுபோக்கையும் முறைப்படிதான் செய்வேன். நிஜத்தில் மணவிலக்கு, பெண்ணுரிமை போன்ற விஷயங்களில் வடக்கு நாடுகள் முந்திக்கொண்டன; தெற்கு நாடுகள் பழமையை வெகுகாலம் விடவில்லை. நான் மாற்றிப் போட்டேன். போர்ச்சுகலில் தாராளவாதம். ஸ்வீடனில் பாதிரிமார்கள் பிடியை இறுக்கி, மணவிலக்கே கிடையாது என்று சட்டம். எந்த மசோதா எந்த அவையில் எந்தப் பிரிவால் தோற்றது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். என் மனைவியும் கேட்டாள். அதாவது, விசிறியைப் பிடித்தபடி தூங்கினாள்.

பிறகு கீழ்வீட்டுக்காரர் வந்தார். கப்பலில் எஞ்சின் வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர். லிஸ்பனில் இறங்கியிருக்கிறார். நான் படகேறிப் போன அதிகபட்ச தூரம் எங்கள் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாதான். என் ஐரோப்பாவைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அந்த ஸ்வீடன்ல ஒரு ரொட்டிக் கடைக்காரி. புருஷன் சரியில்ல. விட்டுப் போக சட்டம் இல்ல. ராத்திரியோட ராத்திரியா லிஸ்பனுக்குக் கப்பல் ஏறிட்டா."

"ஐயோ! அப்புறம்?" என்றாள் என் மனைவி. என்னிடம் ஒருநாளும் கேட்காத கேள்வி.

அன்றிலிருந்து அவர் வந்தால் ஊறிய தேயிலையில் லப்பெட்டு பிசைவாள். வறுத்த பூண்டு மொத்தமும் அவர் தட்டுக்குப் போகும். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க, அகோ" என்று பர்மிய முறையில் அண்ணன் உபசாரம் வேறு. என் தட்டில் முட்டைக்கோஸ்.

ஒருநாள், அவள் லிஸ்பனில் மணவிலக்கு வழக்குப் போட்டதாக அவர் சொன்னபோது பொறுக்க முடியாமல் குறுக்கே புகுந்தேன். "லிஸ்பன் நீதிமன்றத்துக்கு அவள் வழக்கை விசாரிக்க என்ன அதிகாரம்? அங்கே குடியிருந்தாள் என்று நிரூபிக்க வேண்டாமா?"

"சயா அந்த ஊர்ல அதிகாரியா இருந்திருந்தா, அந்தப் பொண்ணு துறைமுகத்தையே தாண்டியிருக்க மாட்டா" என்றார். அலுவலகத்தில் மரியாதைக்குக் கிடைத்த 'சயா' பட்டம் அவர் வாயில் கிண்டலாகிவிடும். என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

போன வாரம் அவர் டாலாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். அன்று மாலையே இவள் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

"ஏங்க, நீங்க சொல்லுங்களேன். அவளுக்கு விடுதலை கிடைச்சுதா?"

இதுதான் சமயம் என்று நினைத்தேன். அவர் திரும்பி வருவதற்குள் கதையையே முடித்துவிட வேண்டும். ரொட்டிக் கடைக்காரியை நீதிபதி முன் நிறுத்தினேன். தங்கியிருந்த விடுதிக்காரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினேன். தேதிகளில் தடுமாற வைத்தேன். குடியிருப்பு நிரூபிக்கப்படவில்லை; மனு தள்ளுபடி.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்."

"அந்த ஆளுகிட்டயா?"

"சட்டப்படி அவன்தானே கணவன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். இரவுச் சாப்பாடு மூடி வைக்கப்பட்டிருந்தது. தனியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அவள் பால்கனியில் போனில் பேசுவது கேட்டது. "அகோ, இவர் அந்தப் பொண்ண திருப்பி அனுப்பிட்டாரு. நீங்க வந்து ஏதாவது செய்யுங்க." எதிர்முனையில் அவர் என்னவோ நீளமாகச் சொன்னார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டும் என் தீர்ப்பைத் திருத்தப் பார்க்கிறார்.

போனைக் காதில் வைத்தபடியே அவள் வாசலில் வந்து நின்றாள். முகத்தில் இன்னும் கோபம்.

"மேல கோர்ட்டுக்குப் போக வழி இருக்கான்னு கேட்டேன். அதெல்லாம் தனக்குத் தெரியாதாம். சயாவையே கேளுன்றாரு. இருக்கா?"

இரண்டு வழி இருந்தது. ஒன்று கொஞ்சம் சிக்கலானது. சொல்லி முடிக்க நாலைந்து மாலைகளாவது ஆகும்.

"இருக்கு" என்றேன். "முதலில் போனை வை."