சித்தப்பாவின் இருபது தோட்டாக்கள்

பத்து வயதில் எங்கள் வீட்டுக்கு நான்தான் வாய். வீட்டுக்காரரின் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, மின்சாரக் கம்பனியின் தொலைபேசி எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். தெரியாத சொல் வந்தால் பொருத்தமாக ஒன்றை நானே போட்டு நிரப்பிவிடுவேன். அது யாருக்கும் தெரியாது. “என்ர மகளுக்குத் தெரியாத பிரெஞ்சு வெள்ளைக்காரனுக்கும் தெரியாது” என்று அப்பா விருந்தாளிகளிடம் சொல்லுவார். நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

சித்தப்பா, அப்பாவின் தம்பி, கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தார். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் அவருக்கு வேலை. அங்கே கூட வேலை செய்த ஒரு கியூபெக்காரர் ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்குப் போகிறவர். நாலு வருடமாக இருவரும் நாற்பது சொற்களுக்குள் சிநேகிதமாக இருந்தார்கள். அந்த வருடம் அவர் சித்தப்பாவையும் வேட்டைக்கு அழைத்தார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு வேலையிடத்தில் ஒருவர் தன்னை ஓரிடத்துக்கு அழைத்தது அதுதான் முதல் தடவை என்று சித்தப்பா சொன்னார். வகுப்புக்குப் போனார், ஆங்கிலத்தில் சோதனை எழுதினார், அனுமதிப்பத்திரம் எடுத்தார். சிநேகிதர் தன் பழைய துவக்கொன்றை அவருக்குக் கொடுத்தார்.

அது திரீ-நொட்-திரீ, .303, இலங்கையில் பொலிஸ்காரர் தூக்கித் திரிந்த அதே ரகம். பெயரைக் கேட்டதும் அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

“உதைக் கண்டுதானேயடா ஊரைவிட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து நீ அதையே வாங்கி வச்சிருக்கிறாய்.”

“அது வேற, அண்ணை. இது மானுக்கு.”

அன்றிலிருந்து அம்மா கீழே இறங்கவில்லை. கீழே இருந்த உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு அப்பாவை அனுப்பினார். அது அலுப்பு என்று நான் நினைத்தேன்.

கடையில் விற்கிற தோட்டாக்கள் அந்தத் துவக்குக்குச் சரிவரவில்லை. நூறு மீற்றரில் வைத்த தாளில் குண்டுகள் ஆளுக்கொரு மூலையில் விழுந்தன. சிநேகிதர் தன் தோட்டாக்களைத் தானே செய்கிறவர். வெற்றுக் கோதுகளையும், கையால் அழுத்துகிற ஒரு சிறிய இயந்திரத்தையும், ஒரு தராசையும் சித்தப்பாவுக்குக் கொடுத்து, இயந்திரத்தை எப்படி இயக்குவதென்று காட்டினார். எந்தக் குண்டு, எந்த வெடிமருந்து, எவ்வளவு என்பதைக் கடைக்காரர் சொல்லுவார் என்று விட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை சித்தப்பா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கடைக்குப் போனார். கடைக்காரருக்கு ஆங்கிலம் வராது, அல்லது வர விருப்பமில்லை. கயிற்றில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றி, என்ன துவக்கு, என்ன மிருகம், எவ்வளவு தூரம் என்று கேட்டார். பிறகு இரண்டு குண்டுகளைக் கண்ணாடி மேசையில் நிமிர்த்தி வைத்தார். ஒன்று கட்டை, மற்றது நீளம். இரண்டுக்கும் நுனியில் மெல்லிய ஈயம் தெரிந்தது.

“கட்டை பாரம் குறைவு, கெதியாப் போகுமாம். நீளம் மெதுவாப் போகுமாம், ஆனால் பழைய துவக்குக்கு அதுதான் சொல்வழி கேக்குமாம்” என்றேன்.

இந்தத் துவக்கின் குழாய் பெயரில் உள்ள எண்ணைவிடக் கொஞ்சம் அகலம், சாதாரணக் குண்டு அதற்குள் தளரும், பெட்டியில் அளவைப் பார்த்து எடுக்கவேண்டும் என்றும் கடைக்காரர் சொன்னார். அதையெல்லாம் நான் சரியாகவே சொன்னேன். சித்தப்பா நீளக் குண்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, அதையே எடுத்தார்.

“இனிப் பவுடர் பாக்கட்டாம்.”

“மருந்து எண்டு சொல்லு, பிள்ளை. பவுடர் உன்ர கொம்மா பூசிறது.”

மருந்திலும் கெதியாக எரிவது, மெதுவாக எரிவது என்று வகைகள் இருந்தன. பாரமான குண்டுக்கு ஆறுதலாக எரிந்து தள்ளுகிற மருந்துதான் வேண்டும் என்று ஒரு டப்பாவைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். பெரிய புத்தகமொன்றைத் திறந்து, ஒரு துண்டுக் கடதாசியில் ஐந்து எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். ஆகச் சிறியது மேலே, ஆகப் பெரியது அடியில். அடியில் இருந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். “கொமான்ஸ் ஆன் பா” என்று தொடங்கி நீளமாக ஏதோ சொன்னார். தொடக்கம் விளங்கியது. மிச்சம் விளங்கவில்லை.

“கீழ இருந்து தொடங்கட்டாம். பிறகு மெல்ல மெல்ல மேல ஏறட்டாம்.”

சித்தப்பா கடதாசியைப் பார்த்தார். “கீழயோ? பெரிய நம்பரோ? வடிவாக் கேட்டனியோ?”

“ஓம். ஆன் பா எண்டால் கீழதானே. அதுதான் கோடு போட்டவர்.”

அவர் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் வேலையால் வந்த பின்னேரங்களில் சித்தப்பா கீழே இருந்து தோட்டா செய்தார். ஒவ்வொரு கோதுக்கும் மருந்தைத் தராசில் நிறுத்து ஊற்றி, குண்டை வைத்து அழுத்தினார். இருபது தோட்டா. எல்லாம் கோடு போட்ட அந்த எண்ணின் அளவில். சனிக்கிழமை காலை சிநேகிதரோடு சுடும் திடலுக்குப் போவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கணக்குச் சோதனைத் தாள்களைத் திருப்பித் தந்தார்கள். பத்தில் ஆறுக்கு ‘ஆன் பா’ எடுத்தவர்கள் எல்லாரும் நில்லுங்கள் என்றார் ஆசிரியை. எனக்கு ஒன்பது. பக்கத்தில் ஐந்து எடுத்தவள் எழுந்து நின்றாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆன் பா என்பது கடதாசியின் அடி இல்லை. குறைந்த எண். அந்த இரண்டு கோடு, இதைத் தாண்டாதே என்பதாக இருக்கலாம்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். சித்தப்பா வர இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. அந்த நேரமெல்லாம் ஒரு பொய்யைத் தேடினேன். கடைக்காரர் ‘நான்தான் பிழையாகச் சொல்லிவிட்டேன்’ என்று தொலைபேசி எடுத்ததாகச் சொல்லலாம் என்றுகூட யோசித்தேன். ஆனால் கார் வந்து நின்றதும் வாசலில் வைத்தே சொல்லிவிட்டேன்.

“சித்தப்பா, கடைக்காரர் சொன்னதை நான் பிழையாச் சொல்லிப்போட்டன். கீழ இருந்து இல்லை. சின்ன நம்பர்ல இருந்து.”

அவர் சாப்பாட்டுப் பையைப் படியில் வைத்தார். “வடிவாத் தெரியுமோ?”

“தெரியாது. அவர் கன நேரம் சொன்னவர். எனக்கு அரைவாசி விளங்கேல்லை.”

அப்படி ஒருவரிடமும் நான் அதுவரை சொன்னதில்லை. அவர் ஏசப்போகிறார் என்று நின்றேன். அவர் உள்ளே போய்த் தானே சிநேகிதருக்குத் தொலைபேசி எடுத்தார். “மூவா, எரர். புட்ர், த்ரோ” என்று தனக்குத் தெரிந்த சொற்களைக் கல்லுக் கல்லாக எடுத்து வைத்தார்: நான், பிழை; மருந்து, கூட.

அரை மணித்தியாலத்தில் சிநேகிதர் வந்தார். கீழே போய்த் துண்டுக் கடதாசியைப் பார்த்தார், தோட்டாப் பெட்டியைப் பார்த்தார். மாதா கோயில் பீடத்துச் சாமான் ஒன்றின் பெயரை உரக்கச் சொன்னார். இந்த ஊரில் அதுதான் பெரிய தூஷணம். அந்தச் சத்தத்துக்கு அம்மா கீழே இறங்கி வந்தார்.

“என்ன நடந்தது, தம்பி?”

“நான் கணக்கை மாறி வாசிச்சிட்டன், அண்ணி.”

சிநேகிதர் துவக்கைக் காட்டி, பிறகு தன் முகத்துக்கு நேரே இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அம்மா என் பக்கம் திரும்பினார். “கேள் பிள்ளை. சுட்டிருந்தால் என்ன நடந்திருக்குமாம்?”

“வேண்டாம்” என்றார் சித்தப்பா. அவர் குரல் உயர்ந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. “அவளைக் கேக்க வேண்டாம். பிள்ளை மேல போகட்டும்.”

நான் மேலே போனேன். சுத்தியல்போல ஒன்றில் தோட்டாவை மாட்டி, நிலத்தில் தட்டிக் குண்டையும் மருந்தையும் பிரிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. இருபது வரை எண்ணினேன்.

அடுத்த சனிக்கிழமை கேட்டுக்கேட்டு நானும் கடைக்குப் போனேன். சித்தப்பா என்னை மீன் தூண்டில்கள் தொங்கிய பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, தமிழ் எழுத்தில் பிரெஞ்சு எழுதிய கொப்பியைத் திறந்தார். ஒவ்வொரு வசனத்தையும் பிழையாகச் சொன்னார். கடைக்காரர் மூன்று தடவை திருத்தினார். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். சரியான சொல் எனக்குத் தொண்டைவரை வந்தது. அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பரில் வேட்டைக்குப் போய்வந்தார். மான் கிடைத்தது சிநேகிதருக்குத்தான். ஒரு தொடை இறைச்சி எங்கள் வீட்டுக்கும் வந்தது. அம்மா மிளகு தூக்கலாகப் போட்டுச் சமைத்தார்.

தை மாதத்தில் சித்தப்பாவும் அம்மாவும் பின்னேரப் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரிக் கடிதங்கள் எனக்கு வருவது நின்றது. அவற்றை அம்மா தன் கைப்பையில் வைத்து வகுப்புக்குக் கொண்டுபோனார். ஒருநாள் வாசலில் குந்தியிருந்து பனிச் சப்பாத்தை அவர் இழுத்துப் போடும்போது, பக்கத்தில் போய் நின்றேன்.

“நான் இனிப் பிழை விடமாட்டன், அம்மா.”

அம்மா நிமிர்ந்து பார்த்தார். என் கன்னத்தைத் தடவினார். “நீ பிழை விடலாம், குஞ்சு. இனி ஒண்டும் நடக்காது. போய் விளையாடு.”

கதவு சாத்திக்கொண்டது. இந்த வீட்டில் இனி என் சொல் தேவையில்லை என்பதுதான் அம்மா சொன்னதன் கருத்து என்று விளங்கிக்கொண்டு, கட்டிலில் போய் விழுந்து, தலையணைக்குள் நெடுநேரம் அழுதேன்.