முழுப்பருப்பு தட்டுக்கு, உடைசல் சட்டிக்கு

புதுக்கோட்டையில் கணிதம் மூன்றாம் ஆண்டு படித்தபோது நான் உட்கார்ந்த இடங்கள் இரண்டே இரண்டு: கல்லூரி பெஞ்சு, டவுன் பஸ். பஸ்ஸிலும் பாதி நாள் இடம் கிடைக்காது. மற்ற நேரமெல்லாம் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் திரிந்தேன். அடுப்பில் ஒன்று வேகும், தரையில் ஒன்று காயும், ஜன்னல் கட்டையில் ரெக்கார்டு நோட்டு திறந்து கிடக்கும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டேன் என்று சரித்திரமே இல்லை.

மாடியில் ஒரே அறை. நானும் என் வகுப்புத் தோழியும். நான் அரிமளம் பக்கம், அவள் மீமிசலுக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர். அப்பாவை அத்தா என்பாள், அவர் வளைகுடாவில் வண்டி ஓட்டுகிறார். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவள் பையில் கருவாடு இருக்கும், அதற்காகவே நான் பஸ் ஸ்டாண்டு வரை போய் அவளை அழைத்து வருவேன். அவள் நிதானம். ஒரு டம்ளர் டீயைக் கால் மணி நேரம் குடிப்பாள். அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

சமையல் என் பொறுப்பு. உழவர் சந்தை கலைகிற நேரமாகப் பார்த்துப் போவேன். முள்ளங்கி வாங்குகிறவர்கள் கீரையைத் திருகி அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள், அது எங்களுக்குப் பொரியல். பீர்க்கங்காயின் தோல் துவையல். தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டு. அந்தக் கூட்டை மூன்றாம் முறை வைத்தபோது, இது பழமா காயா என்று தோழி மெதுவாகக் கேட்டாள். சாப்பாட்டைக் குறை சொல்லாதே என்று கத்தினேன். அவள் குறையே சொல்லவில்லை, கேள்விதான் கேட்டாள்.

இதற்கு நடுவில் சீர்த்தட்டு வேலை. நிச்சயதார்த்தத்துக்குப் பழம், பூ, புடவை வைத்துக் கொண்டுபோகும் தட்டுகளை அலங்கரித்துக் கொடுப்பேன். எல்லோரும் பாசிமணியும் ஜரிகையும் ஒட்டுவார்கள், நான் பருப்பு ஒட்டுவேன். துவரம்பருப்பில் தாமரை, மசூர்பருப்பில் இதழின் விளிம்பு, கறுப்பு உளுந்தில் மயிலின் கண். படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டால் யார் யாரோ கேட்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அடுத்த ஆர்டருக்கும் சரி என்று சொல்லிவிடுவேன்.

தட்டுக்குப் போகிற பருப்பு ஒரே அளவாக, ஓரம் உடையாமல் இருக்க வேண்டும். வாங்கியதைச் செய்தித்தாளில் கொட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்குவேன். முழுசு தட்டுக்கு, உடைசல் சட்டிக்கு. எங்கள் அறையில் ஒரு வருடம் கொதித்த சாம்பாரெல்லாம் யாரோ ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தத் தாமரையில் சேராத பருப்புதான். இதில் எனக்குப் பெருமை வேறு.

தோழிக்கு இரண்டாம் ஆண்டில் ஒரு பேப்பர் போய்விட்டிருந்தது. ரியல் அனாலிசிஸ். இந்தத் தடவை தேறினால் பி.எட். சேரலாம், இல்லையென்றால் படித்தது போதும், வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அவள் வீட்டில் முடிவாகச் சொல்லியிருந்தார்கள். அவள் டீச்சராக ஆசைப்பட்டாள். அவளைத் தவிர வேறு யாரும் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை, எங்களுக்கெல்லாம் அது இரண்டாவது யோசனை. அந்தப் பேப்பரில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்கு. "நான் இருக்கேன்ல, நான் சொல்லித் தாரேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

சொல்லியும் கொடுத்தேன், நின்றுகொண்டு. வெங்காயம் நறுக்கியபடி ஒரு தேற்றம். பசை காயும் இடைவெளியில் பாதி நிரூபணம். அவள் நோட்டோடு என் பின்னாலேயே அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடப்பாள். இந்த அடி எப்படி வந்தது என்று கேட்டால், அது தெரிந்ததுதானே என்று தாண்டிப் போய்விடுவேன். எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்ததாகத்தான் இருக்கும் என்பது என் நினைப்பு.

பரீட்சை திங்கட்கிழமை. அதே திங்கள் காலை ஒரு நிச்சயதார்த்தத்துக்கு இருபத்தொரு தட்டுக்கு ஒத்துக்கொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சனிக்கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிடும், ஞாயிறு முழுக்க உனக்குத்தான் என்று தோழியிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். சனி இரவு படுக்கும்போது இருபது முடிந்திருந்தது. கடைசித் தட்டுக்கான பருப்பைப் பொறுக்கி மூன்று கிண்ணங்களில் வைத்துவிட்டேன். உடைசலை ஒரு பழைய டப்பாவில் போட்டேன். எங்கள் அறையில் அலமாரி ஒன்றுதான், கிண்ணமும் டப்பாவும் அதில்தான் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

ஞாயிறு காலை ரிப்பன் வாங்கக் கீழ ராஜ வீதிக்குப் போனேன். அரை மணி நேரத்தில் வருவதாகச் சொன்னவள் திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. படி ஏறும்போதே பருப்புக் குழம்பு தாளித்த வாசனை. தோழி ஈரக் கையைத் துடைத்தபடி சிரித்தாள்.

"பருப்பாணம் வச்சுட்டேன்டி. கருவாடும் பொரிச்சாச்சு. இனி ஒனக்கு வேல இல்ல, சாப்பிட்டுட்டு உக்காருவோம்."

கிண்ணங்கள் மூன்றும் கழுவிக் கவிழ்த்திருந்தன.

டப்பாவில் இருந்த உடைசல் அப்படியே இருந்தது. எந்த வீட்டிலும் நல்ல பருப்பைச் சோற்றுக்கும் உடைந்ததை ஒட்டுவதற்கும்தானே வைப்பார்கள்? அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். ஒரு வருடமாக நான் செய்துவந்த தலைகீழ் வேலையை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு அம்மா வெளியே வந்து மேலே பார்த்தார்கள்.

சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். இருபது ஆகாது. ஒன்றைக் குறைத்துப் பத்தொன்பதாகக் கொண்டுபோகலாமே என்று போனில் கேட்டேன். ஆர்டர் கொடுத்த அக்கா, சம்பந்தி வீட்டுக்கு இருபத்தொன்று என்று சொல்லியாகிவிட்டது, குறைந்தால் பேச்சு வரும் என்றார். நான் கடைக்கு ஓடிப் புதுப் பருப்பு வாங்கிவந்து செய்தித்தாளில் கொட்டினேன்.

"நீதானே ஆக்குன. நீயே பொறுக்கு" என்றேன்.

அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நோட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஒரு வரி பார்ப்பாள், பத்துப் பருப்புப் பொறுக்குவாள். பிறகு நோட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டாள். கண் இரண்டு இடத்தில் நிற்காது. மத்தியானம் முழுக்க அவள் பொறுக்கினாள், நான் ஒட்டினேன். பருப்பாணத்தை நான் தொடவில்லை. பசி வயிற்றைக் கிள்ளியது, அதைவிட என் கோபம் பெரிதாக இருந்தது. சாயங்காலம் ஆட்டோ வந்தது. வழியில் ஏதாவது உதிர்ந்துவிடுமோ என்று நானும் தட்டுகளோடு ஏறிக்கொண்டேன்.

அந்த வீட்டில் எல்லோரும் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். கடைசித் தட்டுதான் எல்லாவற்றிலும் அழகு என்று ஒரு பெரியம்மா சொன்னார்கள். அது உண்மை. ஒரு பருப்புக்கூட அளவு பிசகவில்லை. என்னைவிடப் பொறுமையான கை பொறுக்கியது.

திரும்பி வந்து, இப்போதாவது ரெண்டு தேற்றம் பார்ப்போம் என்று அவளைக் கூப்பிட்டேன். வேண்டாம், புதிதாக எதையாவது படித்தால் தெரிந்ததும் குழம்பிவிடும் என்றாள். மறுநாள் காலை தக்காளிச் சோறு கிளறி டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு போனாள்.

ஜூனில் ரிசல்ட் வந்தது. நான் தேறியிருந்தேன். அவளுக்கு அந்த ஒரு பேப்பர் மறுபடியும் போய்விட்டது. வீட்டுக்குப் போன் செய்தாள், இரண்டு நிமிடத்தில் பேசி முடித்தாள், பையைக் கட்ட ஆரம்பித்தாள். நான் சும்மா இருக்க முடியாமல் பூட்டு உடைந்த அவள் பெட்டிக்குக் கயிறு பின்னிக் கொடுத்தேன்.

புதிய பஸ் ஸ்டாண்டில் மீமிசல் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றேன். இரண்டு நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"என்னாலதான போச்சு? நான் ஒழுங்கா சொல்லித் தந்திருந்தா தேறியிருப்பல்ல?"

அவள் பொய் சொல்ல வராதவள்.

"நீ சொல்லித் தருவேன்னு நான் நெனைக்கவே இல்லடி. ஒனக்கு நேரம் இருக்காதுன்னு மொதல் வாரமே தெரியும்."

வேறு யாரிடமாவது போயிருக்கலாமே என்றேன்.

"நம்ம கிளாஸ் புள்ள, அடுத்த தெருவுல இருக்காளே, அவ தெனம் படிக்கக் கூப்பிட்டா. அங்கிட்டுப் போனா நீ சங்கடப்படுவேன்னு போகல."

பஸ் கிளம்பியது. அவள் கையாட்டினாள்.

இப்போதும் மாதம் ஒரு தடவை பேசிக்கொள்கிறோம். அவள் வீட்டுக் கதை, என் வேலைக் கதை, கருவாடு விலை. அன்றைக்கு நடந்ததற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.