வாடகை வாய்

கூனிமேட்டுக் கடைத்தெருவில் ஜெயினம்புவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. வாடகை வாய். வைத்தவர் துணிக்கடை பக்கீர் முஹம்மது. மனிதருக்கு வாய்க்கொழுப்பு அதிகம். ஆனாலும் பெயர் பொருத்தம்தான். புருஷன் அடிக்கிறான் என்று தமிழ் தெரியாத பெண் யாராவது கோர்ட் படி ஏறினால் ஜெயினம்புவுக்கு ஆள் வரும். அந்தப் பெண் இந்தியில் சொல்வதை இவள் தமிழில் சொல்வாள். மேஜிஸ்திரேட் அம்மா கேட்பதை இந்தியில் சொல்வாள்.

முஸ்லிம் என்றால் உருது தெரியும் என்று எவரோ ஒரு வக்கீல் முடிவுகட்டித்தான் முதல்முறை கூப்பிட்டார். வீட்டில் பேசுவது தமிழ்தான். இந்தி வந்தது குவைத்தில், ஓர் அரபி வீட்டுச் சமையலறையில், கூட வேலை பார்த்த பெண்களிடம். அடி வாங்கி வந்து அவர்கள் அழுதது இவள் மடியில். சூடு வைத்தான், முடியைப் பிடித்து இழுத்தான் என்ற வார்த்தைகளெல்லாம் அவளுக்கு அப்படித்தான் வந்தன.

அவளுக்கு ஒரு பழக்கம். யார் பேச்சையும் கடுமையாகக் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டாள். எதிர்த்தரப்பு வக்கீல் கடித்துக் குதறினாலும், கூண்டில் நிற்பவளிடம் அது "பேட்டி" என்று, மகளே என்று, தொடங்கித்தான் போகும். பயந்து நிற்பவள் வாய் திறக்க வேண்டாமா என்பது அவள் நியாயம். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுதான் கழுத்தை அறுத்தது.

சுக்மணி ஜார்க்கண்ட்காரி. இடையஞ்சாவடியில் கட்டட வேலைக்கு வந்தவளை, மரக்காணத்தில் லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றும் விஜயகுமார் கட்டிக்கொண்டான். கட்டியவன் உப்பு வாரும் பலகையால் அவள் இடது கையை உடைத்தான். உப்பளத்துப் பெண்கள் போலீசைக் கூப்பிட்டு அவளைக் காப்பகத்தில் சேர்த்தார்கள். பால்குடி மறக்காத மகன் மட்டும் மாமியார் குப்பம்மாளிடம் மாட்டிக்கொண்டான். பிள்ளை வேண்டும், அந்த வீட்டுக்குத் திரும்பக் கூடாது. சுக்மணி கேட்டது இவ்வளவுதான். போலீசு, வக்கீல், மேஜிஸ்திரேட், எல்லோரும் அவளிடம் பேசியது ஜெயினம்புவின் குரலில்தான். வேறு குரல் அவளுக்கு இந்த ஊரில் விளங்காது.

விசாரணை நாளன்று குப்பம்மாள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு கோர்ட் வராந்தாவில் வந்து நின்றாள்.

"பாயம்மா, நான் சொல்றத அதுகிட்ட சொல்லிடுங்க. இனிமே என் புள்ள கைய நீட்ட மாட்டான். கேஸ வாபஸ் வாங்கிட்டா புள்ளைய இப்பவே குடுத்துடுறேன். மகராசியா வந்து இருக்கட்டும்."

அந்தப் பேச்சில் ஜெயினம்புவுக்குத் துளி நம்பிக்கை இல்லை. ஆனால் சொன்னதைச் சொல்வதுதானே வேலை? பழக்க தோஷம், உடையாத கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "பேட்டி, இனிமே அவன் கைய நீட்ட மாட்டான். புள்ளைய இப்பவே குடுப்பாங்க. நல்லபடியா வந்து இரு." மாமியார் எதிரிலேயே நிற்கிறாள், யார் பேச்சென்று இவளுக்குத் தெரியாதா என்று நினைத்துவிட்டாள்.

சுக்மணி குப்பம்மாளைப் பார்க்கவேயில்லை. ஜெயினம்புவின் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

கூண்டில் ஏறியதும், வழக்கு வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்றாள். ஜெயினம்பு அதைத் தமிழில் சொன்னாள்.

"யாராவது மிரட்டினாங்களான்னு கேளுங்க," என்றார் மேஜிஸ்திரேட்.

கேட்டாள். சுக்மணி சிரித்தாள். அந்தக் கோர்ட்டில் அவள் சிரித்தது அப்போதுதான். "யாரும் மிரட்டல. இந்த மௌசிதான் சொன்னாங்க, இனிமே அடிக்க மாட்டான்னு. மௌசி சொன்னா சரியா இருக்கும்."

மௌசி என்றால் சித்தி. ஜெயினம்பு மேஜிஸ்திரேட் பக்கம் திரும்பினாள். மாற்றிச் சொல்லியிருக்கலாம், கண்டுபிடிக்க அங்கே ஆள் கிடையாது. ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள்.

மேஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க சமாதானம் பேசினீங்களா?"

"இல்லம்மா. மாமியார் பேசினத அப்படியே சொன்னேன்."

"அது மாமியார் பேச்சுன்னு இந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

ஜெயினம்பு பதறிப்போய் சுக்மணியின் பக்கம் திரும்பி இந்தியில் ஆரம்பித்தாள்.

"போதும். இனிமே இந்தக் கேஸ்ல நீங்க பேசக் கூடாது. வெளிய போங்க."

வேறு மொழிபெயர்ப்பாளர் வரும்வரை வழக்கு முடியாது, அதுவரை பெண் காப்பகத்திலேயே இருக்கலாம் என்று உத்தரவானது. நல்ல உத்தரவுதான். சுக்மணிக்கு அதை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. காப்பகத்திலிருந்து கூட வந்தவள் தமிழில் கெஞ்சினாள், கையைப் பிடித்து இழுத்தாள். குப்பம்மாள் பிள்ளையை நீட்டினாள். அவ்வளவுதான், சுக்மணி அந்தப் பக்கம் போய்விட்டாள்.

வாசலில் விஜயகுமார் ஆட்டோவோடு தயாராக இருந்தான். ஜெயினம்பு புர்கா தடுக்கத் தடுக்க ஓடினாள். இனி இந்த வேலைக்கே கூப்பிட மாட்டார்கள் என்பதெல்லாம் அவள் நினைப்பில் இல்லை.

"போகாத பேட்டி! அவன் மறுபடி அடிப்பான். எறங்கு, எறங்கிடு!" இந்தியில் தொண்டை கிழியக் கத்தினாள்.

சுக்மணி பிள்ளையை மாரோடு அணைத்தபடி எட்டிப் பார்த்தாள். அவள் அறிந்த மௌசி ஒருநாளும் கத்தியதில்லை. இது வேறு யாருடைய கோபமோ என்று வாசலில் நின்ற கூட்டத்தில் தேடினாள்.

"மௌசி, இத யார் சொல்லச் சொன்னாங்க?"

"நான்தான்டி! நான் சொல்றேன்!" என்று அலறினாள் ஜெயினம்பு. ஆட்டோ அதற்குள் மரக்காணம் சாலையில் திரும்பிவிட்டது.